நல்லாணியின் தெளிவு நாட்கள்

நல்லாணி ஆற்றின் நடுவே தீவாகக் கிடந்த நடுத்திட்டில் அறுபத்து மூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மஞ்சள் கோடு போட்டு முடிக்க நான்கு நாளாகும் என்று தவமணி முதலிலேயே சொல்லியிருந்தாள். இரண்டு நாள் போதும் என்றாள் நறுமுகை. எந்த வீட்டிலும் டீ குடிக்காமல் வெளியே விடமாட்டார்கள் என்பது சென்னையிலிருந்து வந்த அவள் எழுதிய 'கணிப்பான்' என்ற கணினி நிரலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மற்றபடி அதற்குத் தெரியாதது குறைவு. எண்பத்தொரு வயதான நல்லாணி அணையை அரசாங்கம் உடைக்கப்போகிறது. பாதிக்குமேல் சேறு நிறைந்துவிட்ட அணை, பாசனத்துக்கும் உதவாது, பழுது பார்க்கவும் கட்டுப்படியாகாது. தை பத்தொன்பதாம் தேதி அதன் உச்சியில் முதல் வெட்டு. அடைந்து கிடந்த சேறு அந்த வழியாகக் கிளம்பினால் எங்கே போகும், எங்கே படியும், யார் வீட்டில் எத்தனை அங்குலம் ஏறும் என்று சொல்வதுதான் கணிப்பானின் வேலை. இதற்கு முன் ஐந்து ஆறுகளில் விரல்கடை பிசகாமல் சொல்லியிருந்தது. ஆகவே கணிப்பான் ஒரு கோடு சொன்னால் அந்த இடத்தில் பெயின்ட் அடிப்பது என்று ஆகிவிட்டது.

பெயின்ட் வாளியும் பிரஷும் தவமணியின் கையில். நாற்பத்தொன்பது வயது. திட்டுக்கு எதிர்க்கரையில் கோரைத்துறை அளவீட்டு நிலையத்தில் இருபத்துநான்கு வருடமாகத் தற்காலிக ஊழியர். தினமும் காலை ஏழு மணிக்குப் பரிசலில் நடு ஆற்றுக்குப் போய், இரும்புக் கம்பியில் கட்டிய குப்பியை இறக்கி, தண்ணீர் மொண்டு வந்து, வடிகட்டி, தாளில் தங்கிய வண்டலைக் காயவைத்து எடை போட்டு எழுதுவாள். தானாக அளக்கும் கருவிகளையும் மூன்று முறை கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது. ஒன்றை யாரோ கொண்டுபோனார்கள். மூன்றாவதற்குள் நண்டு குடியேறி, ஒரு மாதம் முழுக்க ஆற்றில் வண்டல் ஒரே அளவு என்று சென்னைக்குத் தகவல் போயிற்று. அதன்பின் தவமணியின் குப்பியே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மாரப்பனின் வீடு திட்டின் மேற்கு முனையில், ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில். நிலையத்தின் பரிசல்காரர் அவர்தான். எழுபது தாண்டியும் துடுப்பைக் கீழே வைக்காத மனிதர். அவர் மனைவி ரங்காயி போன வருடம் இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து முன்கூடத்துக் கயிற்றுக்கட்டிலிலேயே கிடந்தாள்.

நறுமுகை தன் போனைச் சுவரை நோக்கி நீட்டினாள். சிவப்புப் புள்ளி ஒன்று இறங்கி, தரையை ஒட்டி நின்றது.

"ஏழு அங்குலம்."

தவமணி குனிந்து கோடு இழுத்தாள். ரங்காயி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"கட்டிலுக்குக் கீழயே நின்னுக்குதே! அப்ப நான் எறங்கவே வேண்டியதில்லை. இவரு மட்டும் சேத்துல நின்னு சோறாக்கட்டும்."

"இப்ப மட்டும் இவளா ஆக்கிப் போடறா?" என்றார் மாரப்பன். பிறகு நறுமுகையின் பக்கம் திரும்பினார். "ஏனுங் மேடம், தப்பா நெனைக்காதீங்க. சின்ன வெள்ளத்துக்கே முழங்காலளவு சேறு பாத்தவன் நானு. அணையவே தொறந்து உட்டா ஏழே அங்குலம்னா, மனசு ஒப்பலீங்."

நறுமுகை சிரித்தாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல இருந்தது. "அதுக்காகத்தான் தை பத்தொன்பதைத் தேர்ந்தெடுத்தோம், ஐயா. உங்க ஆறு ஒரு அதிசயம். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை அஞ்சு நாள் தெளிஞ்சு ஓடும். அந்த அஞ்சு நாளும் தண்ணிக்குச் சேத்தைச் சுமக்கற தெம்பு இருக்காது. வெட்டு போட்டாலும் சேறு அணை ஓரமாவே படிஞ்சிடும். திட்டு வரைக்கும் கொஞ்சம்தான் வரும்."

"என்ற கண்ணுக்குத் தெரிஞ்சதில்லீங்களே."

"கண்ணால பாத்தாத் தெரியாது. தினமும் அளந்து எழுதினாத்தான் தெரியும். இதுக்கு நல்லாணிச் சுழற்சின்னே நான் பேர் வெச்சிருக்கேன். வெளிநாட்டுலகூடப் பேசறாங்க. எல்லாம் அக்கா மொண்ட குப்பிதான்."

மாரப்பன் பெருமையோடு தவமணியைப் பார்த்தார். தவமணி அவரைப் பார்க்கவில்லை. பிரஷ் முனையிலிருந்து பெயின்ட் ஒழுகி, கோட்டிலிருந்து தரை வரைக்கும் ஒரு மஞ்சள் வால் இறங்கியிருந்தது.

திரும்பும் வழியில் பரிசலில் அவள்தான் முதலில் பேசினாள். "அந்த அஞ்சு நாளு... இப்பவும் வருதுங்களா?"

"நல்ல கேள்விக்கா. மூணு வருஷமா வரலை. அதுக்கு முன்னாடி இருபத்தோரு வருஷமா வந்துட்டிருந்தது. மூணு வருஷத்துக்கு முன்னால அணையோட அடிமதகு துருப்பிடிச்சு ஒழுக ஆரம்பிச்சுது இல்லையா? அந்த ஒழுக்குல சுழற்சி மறைஞ்சு கெடக்கு. அணை போயிட்டா ஆறு பழையபடி ஆகும். சுழற்சி திரும்பி வந்துடும்."

தவமணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திரும்பி வராது கண்ணு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பரிசல் அப்போது கன்னிமார் மடுவைக் கடந்துகொண்டிருந்தது. மாரப்பன் வழக்கம்போலத் துடுப்பை எடுத்துவிட்டு, ஒரு கை தண்ணீர் அள்ளி நெற்றியில் தொட்டுக்கொண்டார். அவள் பெயின்ட் வாளியின் மூடியை அழுத்தி மூடினாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அது தொடங்கியது. நடு ஆற்றில் ஆழமான மடு. அதில் ஏழு கன்னிமார் இருக்கிறார்கள். வீட்டுக்குத் தூரமான பெண் மடுவின் மேல் போகக்கூடாது. மாரப்பனின் அப்பாவும் ஏற்றியதில்லை, மாரப்பனும் ஏற்றமாட்டார். இதை யாரும் யாருக்கும் சொல்லவும் இல்லை. அந்த நாட்களில் தவமணி குப்பிக் கூடையைப் பரிசலில் வைக்காமல் கரைக்கல்லின் மேல் வைத்துவிடுவாள். மாரப்பன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அவள் கோரைப்புல்லின் ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று குப்பியை நிரப்பிக்கொள்வாள்.

அந்த முதல் மாதம் அவள் உண்மையைத்தான் எழுதினாள். இடம் என்ற கட்டத்தில் 'கரை.' பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டாள். பத்து நாளில் படிவம் திரும்பி வந்தது. காலிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். 'காரணம் இன்றி இடம் மாற்றியது ஏன்?' என்று மேலதிகாரியின் கையெழுத்து. இருபத்தைந்து வயதுப் பெண் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவாள்? அவள் 'கரை'யை அடித்துவிட்டு 'நடு ஆறு' என்று எழுதி அனுப்பினாள். அடுத்த மாதமும் நடு ஆறு. அதன்பின் எல்லா மாதமும் நடு ஆறு.

தண்ணீர் எங்கே மொண்டாலும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தாள். ஒன்றல்ல என்று அவள் கை போட்ட எடையே காட்டியது. கோரை ஓரத்துத் தண்ணீர் நிதானமாக நகரும். வண்டல் அடியில் தங்கிவிடும். மடுவின் மேல் மொண்ட குப்பியில் நாலு பங்கு இருந்தால் கரைக்குப்பியில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைத்தான் மாதத்தில் ஐந்து நாள் ஆற்றின் பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் தீட்டு நின்றபோது, இனி தினமும் நடு ஆறுதான், பொய் எழுத வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் கோடு போட்டாள். ஏழு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம். ஒரு வீட்டில் பிள்ளைகள் கோட்டருகே நின்று, சேறு தன் முட்டிக்கு வருமா கணுக்காலுக்கா என்று சண்டை போட்டன. இன்னொரு வீட்டில் ஆட்டுக்குட்டிகளை மட்டும் பரணில் ஏற்றினால் போதும்தானே என்று கேட்டார்கள். தவமணி தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை வீடு வரும்வரை வலித்தது. சொன்னால் வேலை போகும். பொய்ப்பதிவு என்று வழக்கும் வரலாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். எதை எப்படி வாயால் சொல்வது? புருஷன் இருந்தவரை அவனிடம்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பாயைத் தனியாகப் போட்டால் அவன் தெரிந்துகொள்வான்.

அறுபத்து மூன்றாவது வீட்டை முடித்த அன்று ரங்காயி அவளைக் கூப்பிட்டு விட்டாள். கயிற்றுக்கட்டில் தொய்ந்துவிட்டதாம், இழுத்துக் கட்ட ஆள் வேண்டுமாம். தவமணி ஒரு பக்கம், மாரப்பன் ஒரு பக்கம் நின்று கயிற்றை இழுத்தார்கள். அவளுடைய முழங்காலுக்கு நேராகக் கட்டில் சட்டம் இருந்தது. அதற்குக் கீழே, அவளே போட்ட கோடு, மஞ்சள் வாலோடு.

மறுநாள் காலை அவள் கோரைத்துறைப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கணிப்பான் குழு அங்கே ஒரு வகுப்பறையில் தங்கியிருந்தது. நறுமுகை மட்டும் இருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்தபடி இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

தவமணி கதவைச் சாத்தினாள். நின்றபடியே சொன்னாள். நான்கு வாக்கியம்தான் இருந்தது.

நறுமுகையின் கையிலிருந்த இட்லித் துண்டு கீழே விழவில்லை. அவள் அதைத் தட்டில் வைத்து, தட்டைத் தள்ளிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வேலையும் விட்டுப்போகக் கூடாது என்பது போல.

"இல்லக்கா. சும்மா ஏதோ நெனச்சுக் கொழப்பிக்கறீங்க. ஆயிரக்கணக்கான குப்பி. அதுல ஒண்ணு ரெண்டு தப்பு இருக்கும். அதெல்லாம் கணிப்பான் கழிச்சிடும்."

"ஒண்ணு ரெண்டு இல்ல கண்ணு. மாசத்துக்கு அஞ்சு."

"இது என்னோட ஆறு வருஷ வேலைக்கா." குரல் உயர்ந்தது. "நிலாவோட ஒத்துப்போகுதான்னு பாத்திருக்கேன். காத்தழுத்தம் பாத்திருக்கேன். மதகு தொறந்த நேரமெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து... உங்களுக்குச் சரியா இருபத்தெட்டு நாள்தானா? ஒருநாள்கூட முன்னப்பின்ன ஆகாதா?"

"ஆகும். சித்திரை வெயில்ல முந்திக்கும்."

கோடையில் சுழற்சி இருபத்தாறு நாளாகச் சுருங்கும் என்று நறுமுகை ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தாள்.

"உனக்கு நம்பிக்கை வரோணும்னா ஒண்ணு பாரு," என்றாள் தவமணி. வாங்க, போங்க எல்லாம் தானாக உதிர்ந்துவிட்டது. "ரெண்டாயிரத்து முப்பத்துநாலு ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் உன்ற அஞ்சு நாளு வந்திருக்காது. மாசி ஏழும் எட்டும் நிலையம் பூட்டுன்னு இருக்கும். ஒம்போதாந்தேதியில இருந்து பதினெட்டு நாளு தொடர்ந்து தெளிவா இருக்கும். பாரு."

நறுமுகை தேடவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் திறந்து, திரையைத் தவமணியின் பக்கம் திருப்பினாள். மலையும் பள்ளமுமாகப் போன நீலக்கோடு ஓரிடத்தில் ஐந்து மாதம் சமதளமாக ஓடி, ஒரு நீண்ட பள்ளத்தில் விழுந்து, பிறகு பழைய நடைக்குத் திரும்பியிருந்தது. பள்ளத்துக்கு மேலே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: காரணம் தெரியாத இடைவெளி.

தவமணி அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். விரலால் தொடப்போய் நிறுத்திக்கொண்டாள்.

"அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு. பொம்பளப் புள்ளை. வெளிய சொல்ல வேண்டாம்னுட்டாங்க. தற்காலிக வேலைக்கு லீவு ஏது? மூணாம் நாளு கூடையத் தூக்கிட்டு வந்துட்டேன். பதினெட்டு நாளும் கரையிலயேதான் மொண்டேன்." சற்று நின்று, "இதை யாரும் எங்கயும் எழுதி வெக்கலைன்னு நெனச்சிருந்தேன்," என்றாள்.

வெளியே பிள்ளைகள் யாரோ மணியை அடித்துவிட்டு ஓடினார்கள். நறுமுகை பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். தவமணி உட்கார்ந்தாள்.

"இருபத்தெட்டு நாள்னு முதல்முதல்ல திரையில வந்தப்போ," என்றாள் நறுமுகை, "நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து நிலாவைப் பாத்தேங்கா. என் உடம்பை நெனைக்கவே இல்லை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஐந்து நாட்களையெல்லாம் கணிப்பானிலிருந்து நீக்கினாள். மறுபடி ஓடவிட்டாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. இட்லி காய்ந்துபோயிற்று. மாரப்பன் வீட்டுச் சுவருக்கான புதிய எண் வந்தபோது இருவரும் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. நாற்பத்தொரு அங்குலம்.

தை பத்தாம் தேதி, பயணியர் மாளிகையில் கூட்டம். நீண்ட மேசையின் தலைமாட்டில் செயற்பொறியாளர் குழந்தைவேல். இருபுறமும் வருவாய்த்துறை, காவல்துறை, ஒப்பந்தக்காரர்கள் என்று பதினோரு ஆண்கள். மாரப்பன் வாசலருகே செருப்பைக் கழற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தன் பக்கத்து நாற்காலியில் இருந்த தவமணியோடு அவரையும் நறுமுகைதான் வரச் சொல்லியிருந்தாள்.

"நாள் மாத்தறதுன்னா விளையாட்டாம்மா?" என்றார் குழந்தைவேல். "நாலு மாவட்டத்துக்கு அறிவிப்புக் குடுத்தாச்சு. மந்திரி வர்றார். போன மாசம் ஏழு அங்குலம்னீங்க, இப்ப நாப்பத்தொண்ணுங்கறீங்க. உங்க கணிப்பானுக்குக் காய்ச்சலா?"

ஒரு சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது.

"சாம்பிள் எடுத்ததுல பிழை இருக்கு சார்," என்றாள் நறுமுகை. "நடு ஆத்துல எடுக்க வேண்டியதை மாசத்துல சில நாள் கரையில எடுத்திருக்காங்க."

"ஏன்?"

"கள நிலைமை காரணமா..."

"என்ன நிலைமை? வெள்ளமா? பரிசல் ஓட்டையா? அறுபத்து மூணு குடும்பத்தை ஒம்பது நாள்ல காலி பண்ணுன்னு நான் மேல எழுதணும்னா காரணம் வேணும்மா. காரணம் இல்லாம ஒரு தாள் நகராது."

நிலையத்துப் படிவத்தின் காரணக் கட்டம் சட்டை போட்டுக்கொண்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது போலத் தவமணிக்குத் தோன்றியது. நறுமுகை அவள் பக்கம் திரும்பி மெல்லத் தலையசைத்தாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல. ஆனால் அவளிடமும் வேறு வார்த்தை இல்லை என்பது தெரிந்தது.

தவமணி எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"எனக்குத் தூரமான நாளுங்க சார். மாசத்துல அஞ்சு நாளு. அப்ப மடுவு மேல பரிசல்ல போகக்கூடாது. கரையில மொண்டுட்டு, நடு ஆறுன்னு எழுதினேன். இருவத்தோரு வருஷம் எழுதினேன். அந்த அஞ்சு நாளைத்தான் ஆத்துக்குன்னு இந்த மிஷினு நெனச்சுக்கிச்சு. ஆறு எப்பவும் தெளியறதில்லீங்க. தெளிஞ்சது என்ற குப்பி மட்டும்தான்."

ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மறுபடி மூடினார். இன்னொருவர் போனை எடுத்துப் பார்த்தார். அதில் வெளிச்சம்கூட வரவில்லை. குழந்தைவேலின் காது சிவந்தது.

"இது... இதையெல்லாம் எழுத்துல எப்படிம்மா..."

"எழுதுங்க சார். அன்னிக்கு எழுத உட்டிருந்தா இன்னிக்கு நான் இங்க வந்து நிக்க வேண்டியிருக்காது."

"வேற யாருக்காவது இது தெரியுமா?"

வாசலில் மாரப்பன் எழுந்து நின்றார். செருப்பு இன்னும் கையிலேயே இருந்தது. "நான்தானுங் ஏத்தலை."

"நீங்க போகக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னதில்லீங். அம்மிணி கூடையக் கல்லு மேல வெக்கும். நான் துடுப்பக் கீழ போடுவேன். அவ்வளவுதானுங் பேச்சு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுபது வயசாச்சு, சாமி குத்தத்துக்கு இன்னும் பயந்துக்கறேன். ஆனா வீட்டுல அவ கட்டில்ல கெடக்கறா. அம்மிணி சொல்றது நெசமுங். எழுதிக்குங்க."

நாளை மாற்றவில்லை. மந்திரியின் நாளை யாராலும் மாற்ற முடியவில்லை. ஆனால் திட்டைக் காலி செய்யும் உத்தரவு அன்று மாலையே வந்தது. அதனுடன் இன்னொரு தாளும் வந்தது: இருபத்தோரு வருடப் பொய்ப்பதிவு குறித்த விசாரணை முடியும்வரை தவமணி பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறாள். அதில் காரணம் மிக விளக்கமாக, ஒரு பக்கம் முழுக்க எழுதப்பட்டிருந்தது.

ஒன்பது நாளில் அறுபத்து மூன்று வீடுகள் பரிசலேறின. மஞ்சள் கோடுகளுக்கு மேலே சிவப்புக் கோடு போடும் வேலையை வேறு ஆட்கள் செய்தார்கள். திட்டுக்காரர்கள் சிலர் தவமணியை நன்றியோடு பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் போனார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் குசுகுசுப்பு நின்றபாடில்லை. ரங்காயியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். நடு மடுவில் அவள் கட்டிலிலிருந்தே தலையைத் தூக்கி, "நம்ம வீட்டுக் கதையெல்லாம் இப்ப கலெக்டருக்கே தெரிஞ்சு போச்சு," என்று புருஷனைச் சீண்டினாள். "நீ துடுப்பக் கீழ போட்டது பேப்பர்லயே வருதாம்."

தை பத்தொன்பது. வெட்டு விழுந்த சத்தம் கோரைத்துறைக்குக் கேட்கவில்லை. மதியத்துக்குமேல் முதலில் வாசனைதான் வந்தது: எண்பத்தொரு வருடம் வெயில் படாத மண்ணின் வாசனை. பிறகு ஆறு கறுத்தது. தண்ணீராக இல்லை, அரைத்து ஊற்றிய மாவு போல, அவசரமில்லாமல், எதிர்ப்பட்ட எதையும் சுற்றிப்போகாமல் மேலே ஏறி மூடிக்கொண்டு வந்தது. கரையில் நின்ற ஆயிரம் பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். தெளிவு நாட்களின் முதல் நாள் அது, பழைய கணக்கின்படி.

நான்காம் நாள் பலகைகளைப் போட்டுத் திட்டுக்குப் போக விட்டார்கள். மாரப்பன் தவமணியையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வீட்டுக் கதவு பாதிக்குமேல் புதைந்திருந்தது. ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மஞ்சள் கோடு எங்கேயோ அடியில் போய்விட்டது. சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே சேறு நின்றிருந்தது. கட்டில் கிடந்த மூலையில் கட்டில் உயரமும் அதற்கு மேலே இன்னொரு முழமும் சேற்றுக்குள் போயிருந்தன.

மாரப்பன் வெகுநேரம் டார்ச்சை அணைக்கவில்லை.

திரும்பும்போது நடு ஆற்றில் நின்றார். நின்றார் என்பது மெய்யாகவே. பரிசலில் இல்லை, பலகைப் பாதையின் மேல்.

"அம்மிணி, இங்கதான் மடு."

தவமணி சுற்றிலும் பார்த்தாள். ஆழம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. சேறு மேலே காய்ந்து, சிறு சிறு ஓடுகளாக வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"மூடிப்போச்சுங்களாண்ணா?"

"மூடிப்போச்சு. இனி எந்த நாள்ல யாரு நடந்து போனாலும் நான் எதுக்கு மூஞ்சியத் திருப்போணும்." அவர் குனிந்தார். வழக்கம்போல அள்ளத் தண்ணீர் இல்லை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, கையில் மீந்ததைத் தவமணியிடம் நீட்டினார்.

பங்குனியில் ஒரு காலை, தவமணி வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நறுமுகை போனில் கூப்பிட்டாள். விசாரணை இன்னும் முடியவில்லை. நல்லாணிச் சுழற்சி தவறு என்று நறுமுகையே எழுதித் திரும்பப் பெற்றுவிட்டாள்; அதற்காகக் கேலியும் கிடைத்தது, வேலையும் பாதி போனது. பேச்சில் அதெல்லாம் வரவில்லை.

"அக்கா, ஒரு விஷயம். மத்த ஆறுகளோட பழைய பதிவையெல்லாம் எடுத்துப் பாத்தேன். பதினாலு ஆத்துல இருக்கு."

"எது கண்ணு?"

"சுழற்சி. ஒண்ணுல இருபத்தாறு நாள், ஒண்ணுல முப்பத்தொண்ணு. பதினாலு நிலையத்துலயும் குப்பி எடுக்கறது பெண்கள்தான். ஒருத்தரும் இடம் மாத்தி எழுதலை. எல்லாரும் நடு ஆறுன்னே எழுதியிருக்காங்க."

தவமணி கத்தியைக் கீழே வைத்தாள். பார்த்தே இராத பதினான்கு ஆறுகள், பதினான்கு கரைக்கல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூடை.

"எல்லாத்தையும் திருத்திட்டு வரேன். ஒரு ஆத்துலதான் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. வடக்கே, மலை ஓரத்துல. அங்க நாலு மாசமா சுழற்சி நின்னிருக்கு. இப்ப தினமும் நடு ஆத்துல இருந்துதான் எடுக்கறாங்க போல. கணக்குக்கு அது ரொம்ப நல்லது. ஆனா..."

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

தவமணி வெங்காயத்தின் எரிச்சலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பரிசல் ஏற வேண்டாம்னு சொல்லு கண்ணு. கம்பியும் குப்பியும் சேந்து பத்துக் கிலோ கனம் வரும். பிரசவம் ஆகற வரைக்கும் கரையிலயே மொண்டுக்கட்டும்."

"அப்ப கணக்கு தப்பாப் போகுமேக்கா."

"தப்பா ஏன் போகுது? கரைன்னே எழுதச் சொல்லு. கரைத் தண்ணிக்கு ஒரு கணக்கு, நடு ஆத்துக்கு ஒரு கணக்குன்னு உன்ற மிஷினுக்குப் போடத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் நறுமுகை. எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இடம்னு இருக்கற கட்டத்துல கரை. சரி. பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதச் சொல்லட்டும்?"

"அந்தக் கட்டத்த எடுத்துரு," என்றாள் தவமணி.